லில்லி இப்போது படித்துக்கொண்டிருப்பது

வரதராஜர் கோயில் தங்கப் பல்லியைத் தொட்டுச் சத்தியமாகச் சொல்கிறேன்: இதில் வருகிற ஒவ்வொரு வார்த்தையும் நடந்தது. பல்லியின் எந்தப் பாகத்தைத் தொட்டாய் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். வால்தான் கைக்கு எட்டியது. சத்தியத்துக்கு வால் போதும்.

முப்பத்தெட்டு வருஷம் தாமல் வழியாகப் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவன் நான். அரை டிக்கெட் வாங்குவதற்காக மீசை முளைத்த பிள்ளைக்கு எட்டு வயது என்று சொல்கிற தாய்மார்களைப் பார்த்துப் பார்த்து, பொய் என்றாலே எனக்குக் குமட்டும்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டம்மாள் டிபன் கடையின் பின்பக்கம் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது. மந்தாரை இலை உலர்த்துகிற இடம். ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணிக்கு நாங்கள் அங்கே கூடுவோம். மிளகும் சுக்கும் போட்ட குடலை இட்லியைப் பட்டம்மாள் வட்டமாக அறுத்து வைப்பாள். தின்றுகொண்டே, யார் இப்போது என்ன படிக்கிறோம் என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் கூட்டம். தலைவர் கிடையாது, பொன்னாடை கிடையாது. காஞ்சிபுரத்தில் பொன்னாடை இல்லாமல் நடக்கிற ஒரே கூட்டம் இதுதான்.

நாலு பேர். வாலாஜாபாத் ரைஸ் மில்லில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்ற வீரபாகு ஒருவர். அரைக் கிலோவுக்குக் குறைந்த புத்தகத்தைத் தொடமாட்டார். மில் பழக்கம், எடை போட்டுத்தான் எடுப்பார். கல்லூரிப் பெண் ஜீவிதா ஒருத்தி. எல்லாவற்றையும் போனிலேயே படிப்பாள். அவள் பேய்க்கதை படித்த வாரம் அந்தப் போனில் சார்ஜ் தானாக ஏறியது, நானே பார்த்தேன். மூன்றாவது நான். நான் கப்பல் பயணக் கதை படித்தபோது எங்கள் வீட்டுக் குழம்பு ஒரு வாரம் உப்புக் கரித்தது. என் மனைவி சாமி படத்தின் முன் நின்று, தான் கல் உப்பைத் தொடவே இல்லை என்றாள்.

நாலாவது ஆள் லில்லி. ஐம்பத்தைந்து வயது, பட்டு நெசவு. எங்களுக்கு இருந்த இரண்டு விதிகளில் ஒன்று அவள் போட்டது: நீ எந்தப் பக்கத்தில் நிற்கிறாயோ அதுவரைதான் பேசலாம், கதையின் முடிவை மட்டும் எவரும் எவருக்கும் சொல்லக்கூடாது. இரண்டாவது விதி வீரபாகு போட்டது: ஒரு புத்தகத்தை மூன்று மாதத்துக்குமேல் வைத்திருக்கக் கூடாது, அடுத்தவரிடம் தள்ளிவிட வேண்டும். வம்பு வந்தது இந்த இரண்டாவது விதியால்.

ஐப்பசி முதல் ஞாயிறு. நல்ல மழை. தகரத்தில் விழுகிற சத்தத்தில் இட்லி மெல்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.

"லில்லிம்மா, இன்னா படிச்சிக்கினு இருக்கே?" என்றார் வீரபாகு.

"அதேதான்."

"அதேன்னா, அந்த அட்டை இல்லாத கதையா?"

"ஆமா."

"எங்க நிக்குது?"

"சுகுணா ரயில் ஏறிட்டா" என்றாள் லில்லி, சட்னியைப் பார்த்துக்கொண்டு.

வீரபாகு கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "ஏம்மா, அந்தப் பொண்ணு ஆடி மாசமும் ரயில் ஏறுச்சு. ஆவணியில விநாயகர் சதுர்த்திக்கு மறுநாள் ஏறுச்சு. இப்பவும் ஏறுதா? ரயில்வேயில வேலை ஏதாச்சும் பாக்குதா?"

"பாஸ் எடுத்திருப்பாங்க அங்கிள்" என்றாள் ஜீவிதா.

"விளையாடாத. மூணு மாசம் முடிஞ்சுபோச்சு. அடுத்து என் முறை. அடுத்த ஞாயிறு புத்தகம் இங்க வரணும்."

லில்லியின் முகம் செத்துப்போயிற்று. பாதி இட்லியை இலையிலேயே விட்டுவிட்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள். பட்டம்மாள் உள்ளிருந்து எட்டிப் பார்த்தாள். "என் இட்லிய பாதியில வெச்சிட்டுப் போற ஆளு இது வரைக்கும் கிடையாது. ஏன்யா, மூணு பேரும் சேர்ந்து ஒரு பொம்பளைய இன்னா பண்ணீங்க?"

அந்தப் புத்தகம் வந்த கதை எனக்குத் தெரியும். கொண்டுவந்து கொடுத்தவனே நான்தான்.

லில்லி தாமலில் பிறந்தவள். அவளுக்கு மரியம்மாள் என்று ஆறு வயது மூத்த அக்கா. அந்தக் காலத்தில் வியாழக்கிழமை முதல் பஸ்ஸில் வாரப் பத்திரிகைக் கட்டு வரும். தாமல் ஏரிக்கரை ஸ்டாப்பிங்கில் இரண்டு பெண்கள் நிற்பார்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, இரண்டுக்கும் ரெட்டை ஜடை. ஏரி நிரம்பி உபரித் தண்ணீர் கலங்கலில் வழிகிற மாதங்களில் கரை முழுக்க மீன் வாடையும் ஈர நாணல் வாடையும் அடிக்கும். பஸ் நிற்பதற்கு முன்னமே குட்டை கேட்கும், "கண்டக்டர் மாமா, சுகுணா இன்னா ஆனா?" நான் வழியிலேயே படித்துவிட்டிருப்பேன் என்று அதற்குத் தெரியும். "சொல்லமாட்டேன், போ" என்று கட்டைத் தூக்கிப் போடுவேன். பஸ் நகர்வதற்குள் இரண்டு தலையும் ஒரு பக்கத்துக்குள் குனிந்திருக்கும். பிரயாணிகள் கத்துவார்கள், டிரைவர் மட்டும் கத்தமாட்டார். அவருக்கும் சுகுணா என்ன ஆனாள் என்று தெரிய வேண்டியிருந்தது.

படித்து முடித்ததும் தொடர்கதைப் பக்கங்களைக் கத்தரித்து, வாரம் வாரமாக அடுக்கி, சணல் ஊசியால் தைத்து வைப்பாள் மரியம்மாள். அப்போது எல்லார் வீட்டுப் பரணிலும் அப்படி ஒரு கட்டு இருந்தது. பசை வாடையும் பழுப்புத் தாளுமாக அதைப் பிரிக்கிறபோது ஒரு தும்மல் வரும். அந்தத் தும்மலுக்கு இணையான தும்மல் இப்போது எந்தக் கடையிலும் கிடைப்பதில்லை.

பிறகு லில்லிக்குக் கல்யாணமாகிக் காஞ்சிபுரம் வந்துவிட்டாள். கல்யாணத்தன்று அக்கா தங்கை பேச்சு நின்றது. முப்பத்துநாலு வருஷம். ஏன் என்று யாருக்கும் தெரியாது. போன ஆடி மாதம் தாமலில் ஒரு கூழ் ஊற்றலுக்குப் போயிருந்தபோது மரியம்மாள் என்னைக் கூப்பிட்டு ஒரு மஞ்சள் பையைக் கொடுத்தாள்.

"கண்டக்டரே, சர்க்கரையில கண்ணு மங்கிப்போச்சு. எழுத்து தெரியல. இத அவகிட்ட குடு. தினம் போன்ல படிச்சுச் சொல்லச் சொல்லு. கதைய மட்டும் படிக்கச் சொல்லு. வேற ஒரு பேச்சும் வேணாம்."

பை நிறையத் தாள். கரையான் நாலு ஓரமும் தின்றிருந்தது. பக்க எண் ஒன்றுகூட மிச்சமில்லை. தையல் விட்டுப்போயிருந்தது. முதல் பக்கமும் இல்லை, அதனால் கதைக்குப் பெயரும் இல்லை.

லில்லியின் புருஷன் தேவேந்திரன் அதை வாங்கிப் பார்த்தான். நெசவாளர்களுக்கு ஜக்கார்டு அட்டை அடித்துக் கோர்த்துக் கொடுப்பது அவன் தொழில். புடவையில் அன்னமோ மாங்காயோ விழ வேண்டுமானால் அதற்குத் தக்கபடி அட்டைகளில் துளை போட்டு, வரிசையாக நூலால் கோர்த்து, தறிமேல் தொங்கவிடுவார்கள். மிதி மிதிக்க மிதிக்க ஒவ்வோர் அட்டையாக நகரும். அவனுக்கும் புத்தகத்துக்கும் சம்பந்தமில்லை. ஆனால் பெண்டாட்டி அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, "இரு, நான் கட்டித்தரேன்" என்றான். ஒவ்வொரு தாளையும் மெல்லிய அட்டையில் ஒட்டினான், இரண்டு ஓரமும் துளை போட்டான், தனக்குத் தெரிந்த விதத்தில் கோர்த்தான்.

பசை காயவேண்டுமே. விடியற்காலையில் நெசவுக்குப் பாவு நூலை நீட்டுகிற மாதிரி, தெருவில் கவைக்கால் நட்டு அந்தப் புத்தகத்தை நீட்டிவிட்டான். தெருமுனைக் குழாயடியிலிருந்து மாரியம்மன் கோயில் வரைக்கும் கதை நின்றது. தண்ணீர் பிடிக்க வந்தவர்கள் எல்லோரும் நடந்துகொண்டே படித்தார்கள். பால்காரர் ஏழாம் அத்தியாயத்தில் அழுது, பாலைக் குழாயடியில் ஊற்றிவிட்டு, வீடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டுப் போனார். அன்றைக்குப் பால் நன்றாக இருந்ததாகத்தான் எல்லோரும் சொன்னார்கள்.

பிறகு அதைச் சும்மா கிடந்த ஒரு தறியில், கண்ணுக்கு நேராக வருகிற மாதிரித் தொங்கவிட்டான். ஒரு மிதிக்கு ஒரு பக்கம். தினமும் பதினோரு மணிக்கு லில்லி தறியில் உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டு, மிதித்து மிதித்துப் படிப்பாள். மரியம்மாள் "ம்" கொட்டுவாள். வேறு ஒரு வார்த்தை கிடையாது.

இது எனக்குத் தெரிந்த வரைக்கும். மீதியை அடுத்த ஞாயிறுதான் தெரிந்துகொண்டேன். அன்றைக்குக் கூட்டத்துக்கு லில்லி வரவில்லை. பத்து மணிவரை பார்த்துவிட்டு வீரபாகு எழுந்தார்.

"யோவ் கண்டக்டரு, கிளம்பு. வீட்டுக்கே போயி வாங்கிக்கினு வரலாம்."

"மழை பெய்யுதுயா."

"புத்தகம் நனையும்னுதான் நானும் சாக்கு எடுத்தாந்திருக்கேன். மில்லு சாக்கு. ஒரு சொட்டு எறங்காது."

ஜீவிதாவும் வந்தாள். தெருவில் ஒரு தறிச் சத்தம் இல்லை. மழை ஈரத்தில் பாவு நூல் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் அறும்; அடைமழை நாட்களில் தெரு அப்படித்தான் வாயைப் பொத்திக்கொண்டிருக்கும். லில்லி வீட்டில் தேவேந்திரன் வாசலில் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு லில்லி உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு முன்னால் புத்தகம் தொங்கிக்கொண்டிருந்தது.

ஜீவிதா அதைச் சுற்றி ஒருமுறை நடந்தாள். குனிந்து அடிப்பக்கம் பார்த்தாள். "அங்கிள், இதுக்கு ஃபர்ஸ்ட் பேஜ் எங்க?"

"அதுவா?" என்று தலையைச் சொறிந்தான் தேவேந்திரன். "இருக்குது, எங்கனா."

"லாஸ்ட் பேஜ்?"

"அது மொதப் பக்கத்தோட கட்டிருக்குது."

"என்னாது?" என்றார் வீரபாகு.

"பின்ன எப்படிண்ணே? நாப்பது வருஷமா அட்டை கோக்கறேன். கடைசி அட்டைய மொத அட்டையோட முடிஞ்சாத்தானே மாங்கா திரும்பத் திரும்ப விழும்? முடியலன்னா ஒரே ஒரு மாங்காயோட பொடவை நின்னுபூடும். கை பழக்கத்துல இதையும் முடிஞ்சிட்டேன்."

"அங்கிள், இது இன்ஃபினிட் ஸ்க்ரோல்!" என்று ஜீவிதா கைதட்டினாள். "ரீல்ஸ் மாதிரி. போயிக்கினே இருக்கும்!"

வீரபாகு தாள்களைப் புரட்டினார். ஒவ்வோர் அத்தியாயத்தின் கீழும் 'தொடரும்' என்றுதான் இருந்தது. 'முற்றும்' எங்கேயும் இல்லை. ஓர் அத்தியாயத்தின் முடிவில் சுகுணா பிளாட்பாரத்தில் நிற்கிறாள், ரயில் ஊதுகிறது, தொடரும். அடுத்த தாளில் சுகுணா ரயில் ஏறுகிறாள். ஊசி நுழைய இடமில்லாமல் பொருந்தியிருந்தது.

"தேவேந்திரா, தப்பு உன்மேலதான். கத்தரி எடு. முடிச்ச அறுத்துடு" என்றார் வீரபாகு.

தேவேந்திரன் கத்தரியைத் தேடினான். லில்லி தறிக் குழியிலிருந்து எழுந்தே விட்டாள்.

"யாரும் கிட்ட வரக்கூடாது!"

அவள் கத்தி நான் கேட்டதே இல்லை. தேவேந்திரன் அப்படியே நின்றான். லில்லி என்னைப் பார்த்துப் பேசினாள், மற்ற யாரையும் பார்க்க வெட்கமாக இருந்திருக்கும்.

"எனக்குத் தெரியும் கண்டக்டர் மாமா. மொத தடவ சுத்தி வந்தப்பவே தெரியும். கதை முடிஞ்சிடுச்சுக்கானு சொல்ல வாயெடுத்தேன். சொன்னா போனை வெச்சிடுவா. வேற பேச்சு வேணாம்னு சொல்லி அனுப்பினவதானே? முப்பத்துநாலு வருஷம். எங்கேந்து ஆரம்பிக்கிறது, இன்னான்னு ஆரம்பிக்கிறது? அதான் ஒண்ணும் தெரியாத மாதிரி மிதிச்சேன். சுகுணா திரும்ப ரயில் ஏறினா. அக்கா 'ம்'னா. சரின்னு நானும் படிச்சிட்டேன்."

"அவளுக்கும் தெரிஞ்சிருக்குமே" என்றேன்.

"தெரியாம இருக்குமா? வெட்டி ஒட்டினவளே அவதான்."

"அப்படி இன்னாதான்மா சண்டை?" என்று கேட்டார் வீரபாகு. சாக்கைக் கீழே வைத்துவிட்டிருந்தார்.

லில்லி மறுபடி தறிக் குழியில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "கல்யாணத்துக்கு ரெண்டு வாரம் முன்ன என்னை வெளியில விடல. கடைசிப் பகுதி வந்த பத்திரிகைய நான் பாக்கல. சர்ச்சுல தாலி கட்ட நிக்கிறேன், மெதுவா அவகிட்ட கேட்டேன், சுகுணா இன்னா ஆனான்னு. எனக்கு எடுத்து வெச்சிருக்கேன், அப்புறம் படின்னு சொல்லக்கூடாதா? காதுல சொல்லிட்டா. ரயில் பாலத்துல கவுந்துச்சு, சுகுணா செத்துட்டான்னு. நான் தேம்பித் தேம்பி அழுதேன். பொண்ணு பொறந்த வீட்ட நெனச்சு அழுவுதுன்னு எல்லாரும் மெச்சிக்கிட்டாங்க. நாலு வருஷம் கூடவே இருந்த பொண்ணுங்க அவ. அவ சாவ நான் படிச்சுத் தெரிஞ்சிக்கிட்டிருப்பேன். முடிவச் சொல்லிட்டாளே, பாவி."

ஜீவிதா மட்டும் தலையாட்டினாள். "ஸ்பாய்லர் சொன்னா நானும் பிளாக் பண்ணிடுவேன் ஆன்ட்டி."

மணி பதினொன்று அடித்தது. லில்லி முகத்தைத் துடைத்துக்கொண்டு தாமலுக்குப் போன் போட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. தேவேந்திரன், "மழையில சிக்னல் இருக்காது" என்றான். அவள் மூன்றாவது முறையும் போட்டாள்.

"மூணு மாசத்துல ஒரு நாள் தப்புனதில்லைங்க" என்றாள். "கண்ணு தெரியாதவ. தனியா இருக்கா. கெணத்தடி முழுக்கப் பாசி." நாலாவது முறை மணி அடித்து ஓய்ந்தபோது, அவள் போனைப் புத்தகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். சாப்ட்டியான்னு ஒரு வார்த்த. சுகுணா சுகுணான்னு எவளையோ படிச்சிக்கினு இருந்துட்டேன்" என்றாள்.

தேவேந்திரன் சைக்கிளை எடுக்கக் கிளம்பினான். வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்துக்கொண்டு மரியம்மாள் இறங்கினாள். தலையில் பிளாஸ்டிக் பை மாட்டியிருந்தது. உயரம் குறையவில்லை. ரெட்டை ஜடை மட்டும் போய் ஒரு சின்னக் கொண்டை.

"அடியே லில்லி, இருக்கியா? மூணு தடவ அந்தப் பொண்ண ரயில்ல ஏத்திட்ட. நாலாவது தடவைக்கு டிக்கெட் நீ எடுப்பியா, நான் எடுக்கவா?"

லில்லி போய்ப் பிடித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். அவள் இடத்தைவிட்டு அசையவில்லை. "போன ஏன் எடுக்கல?" என்று அதட்டினாள்.

"ஊட்ல வெச்சிட்டு வந்துட்டேன். நேர்ல வரவளுக்கு இன்னாத்துக்கு போனு?"

"சொல்லிட்டு வரமாட்ட?"

"வேற பேச்சு வேணாம்னு நான்தானே சொன்னேன். வாய விட்டுட்டு மூணு மாசமா முழுங்கவும் முடியல, துப்பவும் முடியல." மரியம்மாள் தறிக்கட்டையைத் தடவிப் பார்த்து உட்கார்ந்தாள். "இங்க பாருடி. சுகுணா சாவல."

"இன்னா?"

"சாவல. அந்தப் பத்திரிகை நின்னுபோச்சு. கடைசிப் பகுதி வரவே இல்ல. நீ தாலி கழுத்துல ஏறும்போதும் சுகுணா இன்னா ஆனான்னு கேட்டுக்கினு நிக்கற. பத்திரிகையே இல்ல, இனிமே தெரியவே தெரியாதுன்னு சொன்னா, காலம் முழுக்க வியாழக்கிழமை வியாழக்கிழமை ஏங்கிக்கினு கெடப்பியேன்னு நானே ஒரு முடிவு கட்டி உட்டேன். முடிஞ்சுபோச்சுன்னா நீ நிம்மதியா குடும்பம் நடத்துவன்னு நெனச்சேன்."

லில்லியின் வாய் கோணியது. அழப்போகிறாள் என்று நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்தோம்.

"ரயில் எந்த ஆத்துல விழுந்துச்சுன்னு சொன்ன?" என்றாள் லில்லி.

"பாலாறு."

"பாலாத்துல ஏதுக்கா தண்ணி? மணல்ல விழுந்தா எவளாச்சும் சாவாளா? பொடவைய உதறிட்டு எழுந்து நடந்துருப்பா!"

"அவசரத்துல வேற ஆறு ஞாபகம் வரலடி. அதக்கூட யோசிக்காம முப்பத்துநாலு வருஷம் அழுதது நீயி. நாலு பேரோட புத்தகக் கூட்டம் வேற நடத்தறியாம்."

யார் முதலில் சிரித்தது என்று சொல்ல முடியாது. வீரபாகுவாக இருக்கலாம், சாக்கால் வாயை மூடிக்கொண்டிருந்தார். இரண்டு பேரும் சிரித்தார்கள், சிரிப்பிலேயே அழுதார்கள், அழுகையிலேயே திட்டிக்கொண்டார்கள். அப்பா செத்ததற்கு நீ ஏன் பின்வரிசையில் நின்றாய் என்பதில் தொடங்கி, உன் மகள் சுகாசினிக்குக் காது குத்தும்போது எனக்கு ஏன் சொல்லவில்லை என்பதில் நுழைந்து, ஒரு பச்சைப் பாவாடை யாருடையது என்பதில் வந்து நின்றது. அந்தப் பாவாடை விஷயம் மட்டும் முக்கால் மணி நேரம். இடையில் லில்லி எழுந்துபோய் ரசம் வைத்தாள், அப்பளம் சுட்டாள், அடுப்படியிலிருந்தே கத்திப் பேசினாள். புத்தகம் அது பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருந்தது. ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தபோது தேவேந்திரன் மெதுவாகக் கேட்டான், "லில்லி, அப்போ முடிச்ச அவுத்துடவா? வீரபாகு அண்ணன் காத்துக்கினு இருக்காரு."

"அவுத்துக் குடுங்க" என்றாள் லில்லி, திரும்பாமலே. "ஏங்க்கா, அந்தப் பாவாடைக்கு நாடா இன்னா கலரு, சொல்லு பாப்போம்?"

வீரபாகு புத்தகத்தைச் சாக்கில் போட்டுத் தோளில் ஏற்றினார். ஒன்றே முக்கால் கிலோ இருந்ததாகச் சொன்னார். ஜீவிதா ரசம் சாதம் தின்றுவிட்டுத்தான் வந்தாள். நானும்.

பல்லியின் வால்தான் கைக்கு எட்டியது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்: லில்லி, அவள் அப்பா அம்மாவுக்கு ஒரே பிள்ளை.